வங்கி வாசலில் ஆங்கிலம்: யாழ்ப்பாணத்தின் இருநூறு ஆண்டு வாதம்

வங்கிப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்பவர்களின் கொப்பிகளில் ஒரு வகை வினா தவறாமல் இருக்கும். ‘ஒன் ஒஃப் த கிளார்க்ஸ்’ என்று வசனம் தொடங்கும். அடுத்து வரவேண்டியது ‘ஹாஸ்’ஸா, ‘ஹாவ்’வா? ‘கிளார்க்ஸ்’ பன்மை, இடைவெளிக்கு ஒட்டியே நிற்கிறது, பேனா ‘ஹாவ்’ பக்கம் சாய்கிறது. சரியான விடை ‘ஹாஸ்’. இதே செய்தியைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் தடுமாற்றத்துக்கே இடமில்லை. ‘எழுதுவினைஞர்களில் ஒருவர் போய்விட்டார்’ என்னும்போது ‘ஒருவர்’ வினைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறது. ‘போய்விட்டார்கள்’ என்று முடிக்க யாருக்கும் நா எழாது.

ஒரு புள்ளிக்குரிய இந்த வினாவைச் சரியாகச் செய்ய எப்படிப் பழகுவது? விதியைப் பாடமாக்கியா, நூறு பயிற்சி வசனங்களைத் திருப்பித் திருப்பிச் செய்தா, ஆங்கிலப் புத்தகங்களை வாசித்து வாசித்துக் காது பழகியா, தமிழோடு ஒப்பிட்டா? யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தக் கேள்வி வங்கிகளைவிட வயதில் மூத்தது. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையில் பணி தொடங்கிய காலம் முதல் ஒவ்வொரு தலைமுறையும் இதற்கு ஒரு விடை சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு விடைக்கும் பின்னால் ஓர் உத்தியோகம் நின்றிருக்கிறது. விடைகளை அந்த உத்தியோகங்களிலிருந்து பிரித்து எடுத்து ‘எது சிறந்த முறை’ என்று கேட்பதால்தான் வாதம் முடியாமல் நீள்கிறது என்று தோன்றுகிறது.

நிகண்டு பாடமாக்கிய ஊர்

சொற்பட்டியலைப் பாடமாக்குவது ரியூட்டரிகள் கொண்டுவந்த கெட்ட பழக்கம் என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்து முடித்த பிள்ளை அடுத்து எடுத்தது நிகண்டு. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று ஒருபொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுதி தொகுதியாகச் செய்யுளில் கட்டித் தந்தது. அதன் பதினோராம் தொகுதி ஒருசொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்வது. இன்றைய வினாத்தாளில் ஒத்தசொல் கேட்கும் பகுதியும், ஒரே சொல் இரண்டு வசனங்களில் எப்படிப் பொருள் மாறுகிறது என்று கேட்கும் பகுதியும் இந்த இரண்டுக்கும் தூரத்துச் சொந்தம். ஆறுமுக நாவலர் சூடாமணி நிகண்டை அச்சிட்டுப் பரப்பினார். அவருடைய இலக்கணச் சுருக்கத்தில் பாடத்தை ஒட்டித் தேர்வு வினாக்களும் இருக்கின்றன. பயிற்சி வினா அடித்துப் படிக்கும் வழக்கத்துக்கு உள்ளூரிலேயே நல்ல வம்சாவளி உண்டு.

ஆனால் பழைய முறைக்கு இருந்த இரண்டு வசதிகள் இன்றைய பட்டியலுக்கு இல்லை. ஒன்று, ஓசை. எதுகை மோனை கையைப் பிடித்து அடுத்த அடிக்குக் கூட்டிச்செல்லும். ஆங்கில நெடுங்கணக்கு வரிசையில் அடுக்கிய ஐந்நூறு சொற்களுக்கு அப்படி ஒரு துணை கிடையாது. மற்றையது, அதற்குப் பின்னால் வந்த படிப்பு. நிகண்டை ஒப்புவித்த பிள்ளை பிறகு புராணத்திலும் காவியத்திலும் அதே சொற்களைச் சந்தித்தது. பட்டியல் வாசிப்புக்கு முற்றமாக இருந்தது. பரீட்சைப் பட்டியலோ பரீட்சை மண்டபத்து வாசலோடு முடிந்துவிடுகிறது.

வட்டுக்கோட்டை சொன்ன விடை

1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி முற்றிலும் வேறு விடை சொன்னது. அதன் முதல் அதிபர் டானியல் பூர். அங்கே ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டும் இருக்கவில்லை. கணிதமும் வானியலும் தத்துவமும் ஆங்கிலத்தின் வழியே படிப்பிக்கப்பட்டன, பக்கத்திலேயே தமிழும் ஆழமாகப் படிப்பிக்கப்பட்டது. மொழியைத் தேடிப் போகாமல் அறிவைத் தேடிப் போனால் மொழி கூடவே வந்துசேரும் என்பதே அதன் அடிப்படை. இன்று மொழிக் கல்வியாளர்கள் புதுப் பெயர் சூட்டிப் பேசும் முறை இது.

பயன் கண்கூடு. 1841இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகை தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருசேர அச்சாகியது. அதன் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் செமினரியில் உருவானவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே படித்தவர்களே. தாமோதரம்பிள்ளைதான் பின்னர் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் ஆழ்ந்தவர்களுக்குத் தமிழ் போய்விடும் என்ற அச்சத்துக்கு இதைவிட நல்ல மறுமொழி கிடைப்பது அரிது.

இந்த விடையின் பலவீனமும் அதே இடத்தில்தான் வெளிப்பட்டது. தெரிந்தெடுத்த சில மாணவர்கள், விடுதி வாழ்க்கை, ஆண்டுக்கணக்கான காலம் என்று எல்லாம் சேர்ந்து வந்த முறை அது. மூன்று மாதத்தில் பரீட்சை எழுதப்போகிறவருக்கு அதிலிருந்து எதையும் கழற்றி எடுத்துக் கொடுக்க முடியாது. மிஷனுக்கோ வேறு கவலை. ஆங்கிலம் படித்தவர்கள் போதகர்களாகத் தங்காமல் அரசாங்க, வர்த்தக உத்தியோகங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1855இல் ருஃபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழுவின் வருகையை அடுத்துச் செமினரி மூடப்பட்டது. மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் இதே கவலையை வேறு விதமாகத் தீர்க்க முயன்றார்: 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், அதற்கான நூல்களையும் தமிழாக்கினார். தமிழில் வைத்தியம் படித்தவர் தம் மக்களிடையே தங்குவார் என்பது அவர் கணக்கு.

ஊரின் கணக்கு வேறாக இருந்தது. செமினரி மூடிய பிறகும் ஆங்கிலக் கல்விக்கான கேட்பு ஓயவில்லை. 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. பெற்றோருக்கு வேண்டியது உத்தியோகம். மிஷனுக்கு ஆங்கிலம் வழி, பெற்றோருக்கு ஆங்கிலம் வாசல். இந்த இரண்டு பார்வைகளும் இன்றுவரை ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன.

கோறணமேந்தும் இலக்கணப் புத்தகமும்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. கோறணமேந்து என்பது ‘கவர்ன்மென்ட்’ ஊர் நாவில் அடைந்த உருவம். அந்தச் சொல்லே ஆங்கிலம் இங்கே எதற்காகப் படிக்கப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. 1833இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைகள் அரசாங்க உத்தியோகத்தை ஆங்கிலம் தெரிந்த இலங்கையருக்குத் திறந்துவிட்டன. நூற்றாண்டு முடியும் வேளையில் மலாயாவின் ரயில் நிலையங்களும் அரசாங்கக் கந்தோர்களும் யாழ்ப்பாணத்து இளைஞர்களை எழுதுவினைஞர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் எடுத்துக்கொண்டன.

இந்த வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் ஒரு தனி ரகம். அழகான கையெழுத்து, பிழையில்லாத எழுத்துக்கூட்டல், நீண்ட கடிதத்தைச் சுருக்கி எழுதும் திறன், மேலதிகாரிக்கு எழுதும் வசனத்தில் வழுவாத இலக்கணம். பேச்சு இரண்டாம் பட்சம். ஆகவே இலக்கணப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை செய்து முடிக்கும் முறை அந்த வேலைக்குப் பொருத்தமாகவே இருந்தது. 1930களில் பிரித்தானிய இந்தியாவில் வெளிவந்த ரென், மார்ட்டின் இருவரின் இலக்கண நூல் இன்னும் புத்தகக் கடைகளில் விலைபோவதற்கு, அந்த முறை ஒரு காலத்தில் உண்மையாகவே சோறு போட்டது என்பதும் ஒரு காரணம்.

இலக்கணப் புத்தகத்தின் பெருமையை அதன் எதிர்ப்பாளர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அதற்கு நூலகம் வேண்டாம், ஆங்கிலம் பேசும் அயல் வேண்டாம். ஒரு புத்தகம், ஒரு வாத்தியார், ஒரு விளக்கு போதும். வறிய வீட்டுப் பிள்ளைக்கும் கைக்கெட்டும் ஒரே முறை அதுதான். குறையும் தெரிந்ததே: விதியைச் சொல்லத் தெரிவது ஒன்று, அவசரத்தில் அந்த விதிப்படி எழுதிவிடுவது இன்னொன்று. செயப்பாட்டுவினைப் பயிற்சி ஐம்பதைப் பிழையில்லாமல் செய்தவர் சொந்தமாக ஒரு கடிதம் எழுதும்போது அதே இடத்தில் வழுக்குவதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

தாய்மொழி வாதம்

1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிப் பின்னர் இளைஞர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம், ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்களின் முயற்சியில், சுதேச மொழிகளுக்கு உரிய இடத்தைக் கேட்டது. தென்னிலங்கையில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழு 1943இல் அறிக்கை வெளியிட்டது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் பாடசாலைகளின் போதனாமொழி படிப்படியாகத் தமிழும் சிங்களமுமாக மாறியது.

இந்த நிலைப்பாட்டின் நியாயத்தை மறுப்பது கடினம். ஆங்கிலம் தெரியாத வீட்டுப் பிள்ளை விஞ்ஞானத்தையும் வரலாற்றையும் தன் மொழியில் படிக்க முடிந்தது, கல்வி பரவியது. ஆனால் இதன் ஒரு விளைவைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஆங்கிலம் போதனாமொழி என்ற இடத்திலிருந்து நாளுக்கு ஒரு பாடவேளைக்குள் அடங்கும் பாடமாகச் சுருங்கியது. ஆங்கிலத்தால் எதையும் படிக்காமல் ஆங்கிலத்தை மட்டும் படிக்க வேண்டிய நிலை வந்தபோது, படிக்கக் கையில் மிஞ்சியது இலக்கணமும் சொற்பட்டியலுந்தான். பயிற்சி அடிப்பது பரவியதற்கு ரியூட்டரிகளைக் குற்றம் சொல்வதைவிட இந்த மாற்றத்தைக் கவனிப்பது பொருத்தம்.

1956இன் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் முன்னிறுத்தியபோது யாழ்ப்பாணத்து இளைஞருக்கு ஆங்கிலத்தின் விலை மீண்டும் மாறியது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தால் இனிக் கச்சேரியில் கதிரை இல்லை. ஆனாலும் வங்கி, தனியார் நிறுவனம், வெளிநாடு ஆகிய கதவுகளுக்கு அது இன்னும் சாவியாக இருந்தது. இலங்கை வங்கி 1961இல் அரசுடைமையானது. மக்கள் வங்கியும் அதே ஆண்டில் தொடங்கியது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. இணைப்பு மொழி என்று சட்டம் சொன்ன ஒன்று, வேலை தேடுபவரின் கையில் தெரிவு செய்யும் மொழியாகவே வந்து சேர்ந்தது. தெரிவு என்றால் சிலரை எடுப்பது. மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புவதும் அதற்குள் அடக்கம்.

வாசித்தால் வரும் என்பவர்கள்

‘நிறைய வாசி, இலக்கணம் தானாக வரும்’ என்ற அறிவுரைக்கும் நீண்ட வரலாறு உண்டு. டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1920களிலேயே வங்காளப் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது வாசிப்பே என்று வாதிட்டார். 1953இல் அவர் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டது. சாதாரண ஆங்கில எழுத்தில் சுமார் 80 சதவீதத்தை அவை கொண்டுபோய்விடும் என்பர். 1980களில் ஸ்டீஃபன் கிராஷன் விளங்கும் மொழியைக் கேட்டும் வாசித்தும் பழகுவதே மொழி வரும் வழி, விதியறிவு ஒரு மேற்பார்வையாளர் அளவில்தான் உதவும் என்றார். நமக்கு அருகிலேயே என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பகுதிப் பாடசாலைகளில் இலக்கணத்தை நேரடியாகச் சொல்லாமல் செயற்பாடுகள் மூலமே ஆங்கிலம் படிப்பித்துப் பார்த்தார். 1985இல் வெளிவந்த அதன் மதிப்பீடு சுவையானது. ஒவ்வொரு குழுவும் பெரும்பாலும் தன் முறைக்கு ஏற்ற சோதனையில்தான் முன்நின்றது.

இந்த அணியின் பலவீனம் யாழ்ப்பாணத்தில் கண்முன்னே நிற்கும் ஒன்று. வாசிக்கப் புத்தகம் வேண்டும். 1981 ஜூன் முதல் நாளை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. புதுப்பித்த கட்டடம் மறுபடி வாசகருக்குத் திறக்க 2003 ஆயிற்று. இடையில் ஒரு தலைமுறை பொருளாதாரத் தடையிலும் இடப்பெயர்விலும் வளர்ந்தது. அத்தலைமுறையிடம் ‘ஆங்கில நாவல் வாசி’ என்று சொன்ன அறிவுரைக்கு என்ன பெறுமதி இருந்திருக்கும்?

நேரக் கணக்கும் இடிக்கிறது. ஒரு சாதாரண ஆங்கில நூலைத் துணையின்றி வாசிக்க 8,000 முதல் 9,000 வரையான சொற்குடும்பங்கள் வேண்டும் என்று போல் நேஷன் 2006இல் கணித்தார். நாளொன்றுக்கு இருபது சொல் என்று தொண்ணூறு நாள் பாடமாக்கி, ஒன்றைக்கூட மறக்காவிட்டாலும் 1,800 சொற்களே சேரும். வாசிப்பு மட்டும் போதும் என்பவர்கள் இந்த மூன்று மாதத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பட்டியல் மட்டும் போதும் என்பவர்கள் மிச்சம் ஆறாயிரத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

திருநெல்வேலியில் ஒரு வகுப்பு

இந்த வாதத்தில் யாழ்ப்பாணம் உலக ஆய்வுக்குக் கொடுத்த பங்கு ஒன்று உண்டு. ஊரில் அது போதிய அளவு அறியப்படவில்லை. திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்த சுரேஷ் கனகராஜா, தம் முதலாமாண்டு வகுப்பில் இருந்த 22 மாணவர்களைக் கூர்ந்து அவதானித்து 1993இல் ஒரு கட்டுரையும், 1999இல் ஒரு நூலும் வெளியிட்டார். கையில் இருந்தது அமெரிக்கப் பாடநூல். பேசிப் பழகும் முறையில், அமெரிக்க நகர வாழ்க்கைக் காட்சிகளோடு எழுதப்பட்டது. நவீன முறையின் நோக்கில் பார்த்தால் மாணவர்கள் அதை வரவேற்றிருக்க வேண்டும்.

நடந்தது வேறு. மாணவர்கள் உரையாடல் பயிற்சிகளில் ஒட்டவில்லை. இலக்கணத்தைச் சொல்லித் தாருங்கள், குறிப்புத் தாருங்கள் என்று கேட்டார்கள். பாடநூலின் ஓரங்களில் படங்கள் வரைந்தார்கள், தமிழில் எழுதினார்கள். வெளியே நடந்துகொண்டிருந்த போரும் அரசியலும் சினிமாவும் அந்த ஓரங்களுக்குள் வந்து உட்கார்ந்தன. மாணவர் பழைமைவாதிகள், மனனத்துக்குப் பழகியவர்கள் என்று தள்ளிவிட்டிருக்கலாம். கனகராஜாவின் வாசிப்பு வேறு. தமக்கு அந்நியமான ஒரு வாழ்க்கையை நடித்துக் காட்டுவதைவிட, பண்பாட்டுச் சுமை குறைந்த இலக்கணத்தைப் படித்துப் பரீட்சையைக் கடப்பது அவர்களுக்குப் பாதுகாப்பான வழியாக இருந்தது என்று அவர் வாதிட்டார். அது ஒருவகை எதிர்ப்பு. கூடவே, தேவையான சான்றிதழைக் கைவிடாத எதிர்ப்பு.

இந்த விளக்கத்தின்மேல் ஒரு கேள்வி எழுகிறது. இலக்கணத்தைக் கேட்டது எதிர்ப்பா, வெறும் பரீட்சைக் கணக்கா? இரண்டையும் ஓரக் கிறுக்கல்களை வைத்துப் பிரித்துக்காட்டுவது எளிதன்று. கனகராஜாவே அவற்றைப் பின்னிப்பிணைந்தவையாகத்தான் காண்கிறார். ஆனால் அவர் ஒன்றை நிறுவிவிட்டார்: பயிற்சி அடிக்கும் மாணவர் முறை தெரியாமல் அடிக்கவில்லை, தம் நிலையைத் தெரிந்துகொண்டு அடிக்கிறார். வங்கிப் பரீட்சை வகுப்புகளைப் பற்றிப் பேசும் எவரும் இந்த இடத்தைத் தாண்டாமல் போகக்கூடாது.

பரீட்சை மாறினால் படிப்பு மாறுமா

‘வினாத்தாளைத் திருத்துங்கள், படிப்பு தானாகத் திருந்தும்’ என்பது அதிகாரிகள் விரும்பும் விடை. அதையும் இலங்கையிலேயே சோதித்திருக்கிறார்கள். 1988இல் க.பொ.த. சாதாரண தர ஆங்கிலப் பரீட்சை புதிய பாடநூலுக்கு ஏற்ப மாற்றப்பட்டது. வாசித்து விளங்குவதும் தேவைக்கேற்ப எழுதுவதும் முன்னுக்கு வந்தன. டயான் வோலும் சார்ல்ஸ் அல்டர்சனும் வகுப்பறைகளை அவதானித்து 1993இல் வெளியிட்ட முடிவு இது: பரீட்சை ஆசிரியர்கள் எதைப் படிப்பிக்கிறார்கள் என்பதை மாற்றியது, எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்பதைப் பெரிதாக மாற்றவில்லை. வாசிப்புப் பந்தியும் பயிற்சி வினாவாகவே கரும்பலகைக்கு வந்தது.

வங்கிப் பரீட்சைகளின் வடிவம் இதை இன்னும் இறுக்குகிறது. இங்கே பயிலுநர் ஆட்சேர்ப்பு விளம்பரங்களில் வழக்கமாகச் சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் திறமைச் சித்தி, அதாவது குறைந்தது 50 புள்ளி, கேட்கப்படுகிறது. பிறகு எழுத்துப் பரீட்சை, பிறகு நேர்முகம். இந்தியாவில் 2011 முதல் நடக்கும் பொது வங்கிப் பரீட்சையின் முதல்நிலைத் தாளில் ஆங்கிலத்துக்கு 30 வினா, 20 நிமிடம். வினாவுக்கு நாற்பது வினாடி. பிழைக்குக் கால் புள்ளி கழிவு. 2021இல் எழுத்தர் தேர்வைத் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் நடத்த முடிவானபோதும் ஆங்கிலப் பகுதி ஆங்கிலமாகவே நீடித்தது. நாற்பது வினாடியில் யோசிக்க நேரமில்லை. பார்த்தவுடன் பிழை கண்ணில் பட வேண்டும். இந்த வகைக் கண்ணைப் பயிற்சிதான் தருகிறது.

நோரிஸ், ஒர்ட்டேகா இருவரும் 2000இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இலக்கணத்தை வெளிப்படையாகச் சொல்லிக்கொடுப்பது தெளிவான பயன் தருகிறது என்று கண்டார்கள். கூடவே ஓர் எச்சரிக்கையும் வைத்தார்கள்: அந்த ஆய்வுகள் பயன்படுத்திய சோதனைகளில் பலவும் வெளிப்படையான அறிவைக் கேட்பவையே. பிரபுவின் பெங்களூர் முடிவு இங்கே மறுபடி எட்டிப் பார்க்கிறது. சொற்களைப் பொறுத்தவரை சான்று இன்னும் உறுதியானது. இடைவெளி விட்டு, விடையை மூடிவைத்துத் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நீண்டகாலம் நினைவில் நிற்கச் செய்கிறது. சின்ன அட்டையில் ஒருபக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் எழுதிப் படிப்பவர் ஆய்வுக்கு விரோதமாக எதையும் செய்யவில்லை.

தமிழில் விளங்கப்படுத்துதல்

எல்லா அணிகளும் கைவிட்ட ஒரு வழி, வகுப்பறையின் பின்கதவால் எப்போதும் வந்துபோய்க்கொண்டிருக்கிறது: தமிழ். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்ற விதியைச் சுவரில் எழுதிய இடங்களிலும் வாத்தியார் கடைசியில் தமிழிலேயே விளங்கப்படுத்துகிறார். அதைக் குறைபாடாக எண்ணத் தேவையில்லை. ஒழுங்காகச் செய்யப்படாததே குறை.

ஓர் உதாரணம். ஆங்கிலத்தில் ‘அ’, ‘த’ என்னும் இரண்டு சிறுசொற்கள் தமிழருக்குப் பெரிய தலையிடி; தமிழில் அப்படிச் சுட்டு இல்லை என்பார்கள். முழுவதும் உண்மையன்று. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் நாம் பேசிக்கொண்டிருந்த அந்தப் புத்தகம். இரண்டாம் வேற்றுமை உருபு வருவதும் வராததும் பல இடங்களில் ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறது. பிள்ளையின் வாயில் ஏற்கெனவே உள்ள இந்த நுட்பத்தை எடுத்துக்காட்டிவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் பாதி வழி கடந்தாயிற்று. மறுபக்கம், தமிழ் நம்மைத் தவறான பாதையில் விடும் இடங்களும் உண்டு. ‘நேற்று வந்திருக்கிறார்’ நமக்கு இயல்பு. அதையே ‘ஹாஸ் கம் யெஸ்ரடே’ என்று பெயர்த்தால் பரீட்சையில் பிழை. ‘பற்றிப் பேசினோம்’ என்பதன் ‘பற்றி’ ஆங்கிலத்துக்குள் கூடவே வந்து ‘டிஸ்கஸ் அபவுட்’ ஆகிறது. பிழை காணும் வினாக்களில் வருவன இவைபோன்றவைதாம்.

இப்படி ஒப்பிட்டுச் சொல்லும் முறைக்கும் எல்லை உண்டு. எல்லாப் பிழையும் தாய்மொழியிலிருந்து வருவதில்லை. முன்னிடைச்சொல் வழக்குகளில் பெரும்பகுதிக்குக் காரணமே இல்லை, பழகத்தான் வேண்டும். மேலும் இதற்கு ஆசிரியருக்கு ஆங்கில இலக்கணத்தோடு தமிழ் இலக்கணமும் கைவர வேண்டும்.

கவுண்டருக்கு இருபுறமும்

தீராமல் நிற்கும் கேள்விகளில் பெரியது முறையைப் பற்றியதன்று. எந்த ஆங்கிலம் என்பது. ஆஸ்பத்திரி வீதியிலோ ஸ்ரான்லி வீதியிலோ உள்ள வங்கிக் கிளை ஒன்றில் கவுண்டருக்கு முன்னால் பேசப்படுவது தமிழ். நகை அடகும், முதியவர்களின் நிலையான வைப்பும், வெளிநாட்டுக் காசும் தமிழில்தான் நடக்கின்றன. ஆங்கிலம் கவுண்டருக்குப் பின்னால் இருக்கிறது: கணினித் திரை, கொழும்பிலிருந்து வரும் சுற்றறிக்கை, கடன் ஒப்பந்தம். அங்கே வரும் சொற்கள் பட்டியல்களில் வரும் அரிய சொற்கள் அல்ல. எல்லோருக்கும் தெரிந்த சொற்கள் தெரியாத பொருளில் வருகின்றன. ‘இன்ரெஸ்ற்’ ஆர்வம் மட்டுமன்று, வட்டி. ‘மச்சூரிற்றி’ மனமுதிர்ச்சியன்று, வைப்பு முதிரும் நாள். வங்கி வாசலில் சீருடையோடு நிற்பவரும் ‘செக்யூரிற்றி’, கடனுக்குப் பின்னால் நிற்கும் காணி உறுதியும் ‘செக்யூரிற்றி’. நிகண்டின் பதினோராம் தொகுதிக்குரிய விஷயம் இது. ஆனால் பரீட்சைப் பட்டியல்கள் பெரும்பாலும் ஒருபொருட் பல்பெயரிலேயே நின்றுவிடுகின்றன.

ஆகவே பரீட்சையில் எடுத்த ஆங்கிலப் புள்ளி வேலையில் எவ்வளவு தூரம் வருகிறது என்பது திறந்த கேள்வி. பயிற்சி அடித்து உள்ளே வந்தவர் வேலையிலேயே மீதியைக் கற்றுக்கொள்கிறார் என்பது ஒரு வாதம்; முதல் வாசலைக் கடக்கும் உரிமையை மறுத்துவிட்டு மொழித் தரம் பேசக்கூடாது என்ற அளவில் அதை ஏற்கலாம். நல்ல தமிழும் போதிய ஆங்கிலமும் உள்ளவரை நாற்பது வினாடி வினா வெளியே தள்ளிவிடுகிறது என்பது எதிர்வாதம். இரண்டு மொழிகளுக்கும் இடையே நின்று பொருளைக் கடத்தும் திறனை எந்தத் தாளும் கேட்பதில்லை என்பதால், இரண்டு வாதங்களையும் ஒரே தராசில் நிறுத்துவது இப்போதைக்கு இயலாது.

அந்தத் திறன் எப்படிப்பட்டது என்பதற்குக் கடன் ஒப்பந்தத்தின் ஒரு வரி போதும். கடன் எடுப்பவரும் பிணையாளியும் ‘ஜொயின்ற்லி அண்ட் செவரலி’ பொறுப்பு என்று அதில் இருக்கும். சொற்கள் மூன்றும் கடினமானவை அல்ல. இலக்கணத்திலும் சிக்கல் இல்லை. ‘சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு’ என்று பெயர்த்துச் சொல்லிவிடலாம். பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு பிணையாளி அடுத்துக் கேட்பார்: “தம்பி, அப்ப அவர் கட்டாட்டி முழுக்காசும் நானோ கட்டோணும்?”